பால் ஒத்துக்கொள்ளாத வயிறு

பால் குடிச்சால் வயிறு ஊதும், வயிற்றால போகும். இதைக் குறைபாடு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். வரலாறு வேறு கதை சொல்கிறது.

பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையை உடைக்கச் சிறுகுடலில் லாக்டேஸ் என்ற நொதியம் வேணும். பால்குடி மறந்தபின் அது குறைவதுதான் பாலூட்டிகளின் வழமை. உடையாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போக, பக்டீரியாக்கள் அதிலிருந்து வாயுவை உண்டாக்குகின்றன.

மாடு வளர்த்த ஆதி மனிதருக்கும் இதே வயிறுதான். அனடோலியாவில் கி.மு. 7ஆம் ஆயிரமாண்டு மட்பாண்டங்களிலேயே பால்கொழுப்பு ஒட்டியிருக்கிறது. ஆனால் ஐரோப்பாவின் ஆரம்ப விவசாயிகளின் எலும்புகளை ஆராய்ந்தபோது, வளர்ந்தபிறகும் லாக்டேஸைத் தக்கவைக்கும் மரபணு மாற்றம் கிடைக்கவில்லை. அது பிறகுதான் அங்கு பரவியது. கிழக்கு ஆபிரிக்க மேய்ப்பர்களிடம் வேறு மாற்றங்கள் தனியாகத் தோன்றின. தயிரும் சீஸும் மற்றவர்களுக்குக் கைகொடுத்தன. புளிக்கும்போது லாக்டோஸ் குறையும்.

1966இல் அமெரிக்காவின் பால்டிமோர் மருத்துவர்கள், வெள்ளையரைவிடக் கறுப்பின ஆண்களிடம் லாக்டேஸ் குறைவு அதிகம் என்று கண்டார்கள். பரிசோதிக்கப்பட்டவர்கள் ஆரோக்கியமானவர்கள். இருந்தும் வைத்த பெயர் 'குறைபாடு'.

உலகில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு லாக்டேஸ் குறைவுதான். அப்ப, யாருடைய வயிற்றை அளவுகோலாக வைத்து அந்தப் பெயர் வந்தது? பால் வேண்டாம் என்கிறவரின் உடம்பில பிழை தேடுறதை இனியாவது நிற்பாட்டுவோம்.