ஜியோசிட்டீஸ்: தெருக்களை இழந்த நகரம்

நகரங்களின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் ஆராய்ந்த இப்னு கல்தூன், மக்களை ஒன்றாகப் பிணைக்கும் உணர்வை 'அஸபிய்யா' என்று குறித்தார். 1377இல் 'முகத்திமா'வை எழுதிய அவ்வறிஞர், கல்லும் சுண்ணமும் கொண்டெழுந்த நகரங்களையே அறிவார். அச்சொல்லை அவர் பெரிதும் குலக்குழுக்களை முன்வைத்தே விளக்கினார். நாம் அதைச் சற்று விரித்தே இங்குக் கையாளுகிறோம். கணினித் திரையில் தோன்றி மறைந்த ஒரு நகரின் வரலாற்றை ஆராயுங்கால் வேறு சொல் நமக்குக் கிட்டவில்லை.

1994இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் டேவிட் போனெட், ஜான் ரெஸ்னர் இருவரும் தொடங்கிய நிறுவனமே பின்னர் ஜியோசிட்டீஸ் எனப் பெயர் பெற்றது. எவரும் கட்டணமின்றித் தமக்கென ஓர் இணையப் பக்கம் அமைத்துக்கொள்ள அது இடமளித்தது. அவ்விடம் பேட்டைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது என்பதே அதன் சிறப்பு. இலக்கியமும் தத்துவமும் எழுதுவோர்க்கு 'ஏதென்ஸ்'. திரைப்பட ஆர்வலர்க்கு 'ஹாலிவுட்'. செவ்வியல் இசையில் தோய்ந்தோர்க்கு 'வியன்னா'. குடியேறுவோர் காலிமனை தேடிக் கதவிலக்கம் பெற்றனர். ஊதியம் பெறாத தொண்டர்கள் பேட்டைத் தலைவர்களாக இருந்து, புதியவர்களுக்குப் பக்கம் அமைக்கும் முறையைக் கற்பித்தனர். வந்துபோவோர் பார்வையாளர் ஏட்டில் இரண்டு வரி எழுதிச் செல்வர். முன்பின் கண்டறியாதவர்கள் இவ்விதமே அண்டை வீட்டாராயினர்.

1999இல் யாஹூ நிறுவனம் ஏறத்தாழ 357 கோடி டாலர் மதிப்பில் இந்நகரை வாங்கிற்று. அவ்வாண்டு ஜூன் மாதத்தில், குடியிருப்போரின் ஆக்கங்கள் மீது பரந்த உரிமை கோரும் விதியொன்றை அது வெளியிட்டது. எதிர்ப்பு வலுக்கவே அவ்விதி திருத்தப்பட்டது. இச்சர்ச்சையே பெரிதும் பேசப்படுகின்றது. நாம் அதனினும் பெரிதாகக் கருதுவது அடுத்த மாதம் ஓசையின்றி நிகழ்ந்த மாற்றத்தை. பேட்டையும் கதவிலக்கமும் கொண்ட முகவரி முறை கைவிடப்பட்டு, உறுப்பினர் பெயரே முகவரியாயிற்று. வீடுகள் இருந்தன, தெருக்கள் இல்லை. அண்டை வீடு எதுவென்று அறிய வழியற்றுப் போயிற்று. பின்னாளில் வலைப்பதிவுகளும், 2003இல் மைஸ்பேஸும், 2004இல் ஃபேஸ்புக்கும் வந்து மக்களை ஈர்த்தன என்பது உண்மையே. ஆயினும், அஸபிய்யா அறுந்த நகரைவிட்டு வெளியேறுவது எவர்க்கும் எளிதாகவே இருந்திருக்கும்.

2009 அக்டோபர் 26 அன்று அமெரிக்கத் தளம் மூடப்பட்டது. அதற்கு முந்தைய மாதங்களில் 'ஆர்க்கைவ் டீம்' என்னும் தன்னார்வலர் குழுவினர் இயன்ற அளவு பக்கங்களைப் படியெடுத்து, 2010இல் அனைவருக்கும் பொதுவாக வெளியிட்டனர். பார்வையாளர் ஏடுகள் சிலவும் அவற்றுள் உள. ஜப்பானியக் கிளை மட்டும் 2019 மார்ச் 31 வரை இயங்கிற்று.