மகேந்திரன் காலத்து நகைநாடகம்

செங்கற்பட்டை அடுத்த வல்லம் குடைவரையில் குணபரன் என்னும் பட்டப்பெயரோடு நிற்பவன் மகேந்திரவர்மன். மாமல்லபுரத்துக்குப் பெயரளித்த நரசிம்மனின் தந்தை. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவனது மாமண்டூர்க் கல்வெட்டு, சிதைந்த வரிகளினூடே, 'பகவதஜ்ஜுகம்' என்ற வடமொழி நகைநாடகத்தைச் சுட்டுகிறது. எழுதியவன் அவனா, போதாயனனா என்பது புலவர் வழக்கு, நடக்கட்டும்!

யமதூதன் ஆள் தவறி ஒரு கணிகையின் உயிரைக் கவர்கிறான். துறவியின் உயிர் அவள் உடலிற் புகுகிறது; அவள் உயிரோ துறவியின் உடலில்! துறவியின் வாய் காதலனைத் தழுவ அழைக்கிறது. அவை நகைக்கிறது. காதலைக் கண்டா? அன்று, அதனைப் பேசும் ஆணுடலைக் கண்டு. உயிர்கள் இடம் மீண்டதும் நாடகம் முடிகிறது.

ஆணெனக் குறிக்கப்பெற்றுப் பெண்ணாய் வாழும் திருநங்கையர்க்கு அந்த முடிவு ஏது? 2008இல் தமிழக அரசு அவர்க்கு நலவாரியம் கண்டது; 2014இல் உச்ச நீதிமன்றம் உரிமை உரைத்தது. காதலித்து, ஊடி, விழா நாளில் கைகோக்கும் கதைத்தலைவியாய் அவரை நாம் எழுதுவது எப்போது?