ஒரே கள்ளன், ஆறு மொழி

'கேண்டி கிரஷ்' மாதிரியான கைபேசி விளையாட்டுகள் கொட்டும் பணம் வீடியோ கேம்களின் கற்பனையை வளர்க்கிறதா, மழுங்கடிக்கிறதா என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. கொங்கு நாடு இதே வழக்கை எழுபது வருடங்களுக்கு முன்பே சினிமாவில் பார்த்துவிட்டது.

கோவை பட்சிராஜா ஸ்டுடியோவின் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு 1954இல் 'மலைக்கள்ளன்' எடுத்தார். கதை நாமக்கல் கவிஞருடையது, வசனம் மு. கருணாநிதி, நாயகன் எம்.ஜி.ஆர். படம் வசூலை அள்ளியது. வேறொருவராக இருந்தால் அடுத்த கதையைத் தேடியிருப்பார். நாயுடு அதே கள்ளனை விடவில்லை: என்.டி. ராமராவை வைத்துத் தெலுங்கில் 'அக்கி ராமுடு', 1955இல் திலீப்குமார், மீனாகுமாரியுடன் இந்தியில் 'ஆசாத்', பிறகு மலையாளம், கன்னடம், கடைசியில் சிங்களம்கூட!

கற்பனைப் பஞ்சம் என்று இதை ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் 'மலைக்கள்ளன்' குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற படம். சோக நாயகன் என்றே பெயரெடுத்திருந்த திலீப்குமார், 'ஆசாத்'தில் வேடம் மாற்றிக் கலகலப்பாக நடித்து ஃபிலிம்பேர் விருதும் வாங்கினார். அரைத்த மாவுதான், அதிலும் ஒரு நடிகருக்குப் புது முகம் கிடைத்தது.

சேலத்துக் கதை இன்னும் சுவையானது. ஜவுளிக் குடும்பத்தில் பிறந்து, இங்கிலாந்துக்குப் போய் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவந்த டி.ஆர். சுந்தரம், 1935இல் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். ஏற்காடு மலையடிவாரத்தில் இருந்த அந்த ஸ்டுடியோவை மில் மாதிரியே நடத்தினார்: மாதச் சம்பளம், நேர ஒழுங்கு, முதலாளி சொல்லுக்கு மறுபேச்சில்லை. அங்கே உருவானவை பெரும்பாலும் சண்டையும் மந்திரமும் மர்மமும் கலந்த ஜனரஞ்சகச் சரக்குகள். ஆனாலும் மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' (1938) அங்குதான் பிறந்தது. பி.யு. சின்னப்பா இரட்டை வேடமிட்ட 'உத்தம புத்திரன்' (1940), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) எல்லாம் அங்கே தயாரானவையே. 1961இல் மலையாளத்தின் முதல் வண்ணப்படமும் வந்தது. 'கண்டம் பெச்ச கோட்டு' என்ற அந்தப் படத்தில் மந்திரக் குகை கிடையாது. எளிய முஸ்லிம் குடும்பங்களின் கதை. நிச்சயம் ஓடும் என்று எடுத்த படங்களின் லாபம்தான், ஓடுமா என்று தெரியாத இவற்றுக்குத் தைரியம் கொடுத்திருக்க வேண்டும்.

'ஆங்கிரி பேர்ட்ஸ்' (2009) செய்த பின்லாந்தின் ரோவியோவும் அதற்குமுன் ஐம்பதுக்கும் மேற்பட்ட விளையாட்டுகளைச் செய்து பார்த்த நிறுவனம். ஜெயித்த பிறகோ பெரும்பாலும் அதே பறவைகள்தான் திரும்பத் திரும்பப் பறந்தன.

சேலத்திலும் அப்படித்தான் ஆயிற்று. 1963இல் சுந்தரம் காலமானதும் பொறுப்பு அவர் மகனிடம் வந்தது. 'வல்லவனுக்கு வல்லவன்', 'வல்லவன் ஒருவன்', 'இரு வல்லவர்கள்' எனத் தலைப்புகள்கூட ஒன்றையொன்று பார்த்து எழுதியவை போலிருந்தன. வேதா இசையமைத்த பாடல்களில் பல, இந்தி மெட்டுகளைத் தழுவியவை. அவற்றைக் கேட்க இன்றும் இனிமைதான். ஆனால் இந்த வரிசையில், 'அலிபாபா'வுக்கு நிகராக 'முதல்' என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை.