விண்டோஸ் 10 கதை முடிந்தது... பழைய அரசு லேப்டாப்பை என்ன செய்வது? 'பாஸ்' லினக்ஸும் குரோம்பேட்டையும்!

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் பல வீடுகளில் பழைய அரசு லேப்டாப் ஒன்று பீரோ மேல் கிடக்கும். 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய இலவச மடிக்கணினி திட்டத்தில் வந்தது. அவற்றில் பலவற்றை ஆன் செய்தால் 'விண்டோஸா, பாஸா?' என்று திரை கேட்கும். 'பாஸ்' பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவர்கள் உண்டு. இப்போது அதற்கு வேலை வந்திருக்கிறது.

ஏன் இப்போது?

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 வசதி வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக 8-ம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். 2011, 2012 லேப்டாப்களுக்கு அந்த வாய்ப்பு கிடையாது. அப்டேட் இல்லாத கணினியில் நெட் பேங்கிங் செய்வது ஆபத்து.

'பாஸ்' என்றால் என்ன?

'பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்பதன் சுருக்கம். டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கியது. முதல் பதிப்பு 2007-ல் வந்தது. தமிழ் உட்பட இந்திய மொழிகளில் பயன்படுத்தலாம்.

குரோம்பேட்டைக்கு என்ன சம்பந்தம்?

கட்டற்ற, திறந்த மூல மென்பொருளுக்கான தேசிய ஆதார மையத்தை 2005-ல் மத்திய அரசு தொடங்கியது. அதை சி-டாக் சென்னையும், குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் உள்ள ஏயு-கேபிசி ஆராய்ச்சி மையமும் சேர்ந்து நடத்தின. பாஸை உருவாக்கும் பொறுப்பு சி-டாக்கிடம். பாடத்திட்டம், பயிற்சி போன்றவை ஏயு-கேபிசியிடம்.

திறந்த மூலம்னா இலவசம், அவ்வளவுதானா?

இல்லை. நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம், பகிரலாம். ஒரு நிறுவனம் கைவிட்டாலும் இன்னொருவர் தொடரலாம். 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பி ஆதரவு முடிந்தபோதும், பாஸுக்கு மாறும்படி அரசுத் துறைகளுக்கு தமிழக அரசு அறிவுறுத்தியது.

கேம் உருவாக்க முடியுமா?

முடியும். 'கோடோ' என்ற கேம் இன்ஜின் 2014 முதல் திறந்த மூலம். 2023 செப்டம்பரில் போட்டி இன்ஜினான யூனிட்டி, கேம் இன்ஸ்டால் ஆகும் எண்ணிக்கைக்கு ஏற்ப கட்டணம் என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்ப, ஓராண்டு கழித்து கைவிட்டது. கோடோவில் ராயல்டி பேச்சே இல்லை. அதன் உரிமத்தின் பெயர் 'எம்ஐடி'. ஆனால் அது அமெரிக்க எம்ஐடி, குரோம்பேட்டை எம்ஐடி அல்ல! பழைய லேப்டாப்பில் பெரிய 3டி கேம் திணறும். 2டி பழகலாம், கோடோ 3 இன்னும் லேசானது.

வீடியோவுக்கு?

* ரெக்கார்டிங், லைவ்: ஓபிஎஸ் ஸ்டுடியோ
* எடிட்டிங்: கேடென்லைவ்
* பகிர்வு: பியர்டியூப். கல்லூரியோ குழுவோ சொந்த சர்வரில் வீடியோ தளம் நடத்தலாம். சர்வர் செலவு உண்டு.

என்ன சிக்கல்?

லேப்டாப்பில் ஏற்கெனவே உள்ள பாஸ் பதிப்பும் பழையதுதான். அதற்கும் அப்டேட் வராது. புதிய பதிப்பைத்தான் போட வேண்டும். ஃபோட்டோஷாப், டேலி போன்றவை லினக்ஸில் நேரடியாக ஓடாது. சில பிரிண்டர்களும் மக்கர் செய்யும்.

எப்படி முயற்சி செய்வது?

1. போட்டோ, சான்றிதழ்களை முதலில் வேறு இடத்தில் காப்பி எடுங்கள்.
2. பாஸ், டெபியன், லினக்ஸ் மின்ட் போன்றவற்றில் ஒன்றை அதிகாரப்பூர்வ தளத்தில் டவுன்லோடு செய்து பென் டிரைவில் ஏற்றுங்கள்.
3. இன்ஸ்டால் செய்யாமல் பென் டிரைவில் இருந்தே ஓட்டி வைஃபை, சவுண்ட், கேமராவைச் சோதியுங்கள்.
4. ரேம் 2 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி போன்ற லேசான டெஸ்க்டாப்பைத் தேர்வு செய்யுங்கள்.
5. எல்லாம் சரியாக ஓடினால் மட்டும் இன்ஸ்டால் செய்யுங்கள்.

எடைக்குப் போடும் முன் ஒரு பென் டிரைவ் செலவில் சோதித்துப் பார்க்கலாம். வீட்டில் கோடிங் பழகும் பிள்ளை இருந்தால், முதல் கணினியாக அதுவே போதும்.