விலையும் பாவமும்: பாஸ்டன் வணிகர் ராபர்ட் கீன் வழக்கு (1639)

முன்னுரை

சீர்திருத்தக் கிறித்தவத்திற்கும் முதலாளியப் பொருளாதாரத்திற்கும் உள்ள உறவு குறித்து மாக்ஸ் வேபர் 1904-05ஆம் ஆண்டுகளில் முன்வைத்த கருத்து நன்கு அறியப்பட்டது. அக்கருத்தைச் சுருக்கிக் கூறுவோர், தூய்மைவாதிகளின் சமயநெறி பொருளீட்டலுக்குத் துணை நின்றது என்பதோடு அமைவர். மாசசூசெட்ஸ் விரிகுடாக் குடியேற்றத்தின் தொடக்கக் கால ஆவணங்களோ அவ்வுறவு அத்துணை இணக்கமானதன்று என்பதைப் புலப்படுத்துகின்றன. ராபர்ட் கீன் என்னும் வணிகரின் வழக்கை முன்னிறுத்தி இக்கட்டுரை அதனை ஆராய்கிறது.

குடியேற்றமும் அன்றாட வாழ்வும்

1630இல் ஜான் வின்த்ராப் தலைமையில் ஏறத்தாழ எழுநூறு பேர் பதினொரு கப்பல்களில் வந்தனர். அடுத்த பத்தாண்டுகளில் நியூ இங்கிலாந்துப் பகுதிக்கு வந்தோர் தொகை இருபதாயிரம் அளவினது. கொள்ளைநோயால் முன்னரே பெருமளவு அழிந்துபோயிருந்த தொல்குடி மக்களின் நிலங்களில் இவர்கள் ஊர்களை அமைத்தனர். அம்மக்களின் பயிராகிய மக்காச்சோளமே இவர்களுக்கும் உணவாயிற்று. நாணயத் தட்டுப்பாட்டால் தானியமும், தொல்குடியினரின் சிப்பிமணிகளும் பணமாக வழங்கின.

1631இல் இயற்றப்பட்ட விதியின்படி திருச்சபை உறுப்பினர்களாகிய ஆடவரே வாக்குரிமை பெற்றனர். ஓய்வுநாள் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்பட்டது. வார நடுவில் வியாழக்கிழமைதோறும் பாஸ்டனில் ஒரு பிரசங்கம் நிகழ்ந்தது. 1634இல் சந்தை கூடும் நாளாகவும் அதே வியாழக்கிழமை குறிக்கப்பட்டது. வேதம் கேட்க வந்தோரே பண்டம் வாங்கவும் வந்தனர். சமயமும் வணிகமும் ஒரே நாளில், ஒரே மக்களிடையே இயங்கியமை இங்கு நோக்கத்தக்கது.

வழக்கு

கருவிகள், துணி, ஆணி முதலியன இங்கிலாந்திலிருந்தே வரவேண்டியிருந்தமையால் விலை உயர்ந்தது. 1633இல் பொதுப்பேரவை, தேர்ந்த தொழிலாளரின் நாட்கூலிக்கு இரண்டு ஷில்லிங் என உச்ச வரம்பு விதித்தது. இறக்குமதிப் பொருள்களை இங்கிலாந்து விலைக்குமேல் ஷில்லிங்குக்கு நான்கு பென்ஸ் மிகுதியாக மட்டுமே விற்கலாம் எனவும் ஆணையிட்டது. விலை பற்றிய அவ்வாணை 1635இல் நீக்கப்பட்டது.

கீன் 1635இல் பாஸ்டனுக்கு வந்தவர். இறைச்சி வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்து இலண்டனில் வணிகராக உயர்ந்தவர். பாஸ்டன் திருச்சபையின் குரு ஜான் வில்சனுக்கு மணவழி உறவினர். 1639 நவம்பரில் அவர்மீது பொதுப்பேரவையில் குற்றம் சாட்டப்பட்டது. ஷில்லிங்குக்கு ஆறு பென்ஸ், சிலவற்றில் எட்டு பென்ஸுக்கும் மேல், சில சிறு பொருள்களில் ஒன்றுக்கு இரண்டு எனும் அளவுக்கும் மேல் அவர் இலாபம் பெற்றார் என்பதே குற்றம். இலாபத்தை வரையறுக்கும் சட்டம் எதுவும் அப்போது நடைமுறையில் இல்லை என்பதை வின்த்ராப்பே தம் நாட்குறிப்பில் பதிவு செய்துள்ளார். எனினும் இருநூறு பவுன் தண்டம் விதிக்கப்பட்டுப் பின்னர் எண்பது பவுனாகக் குறைக்கப்பட்டது.

திருச்சபையும் விசாரித்தது. கீன் தம் பேராசையைக் கண்ணீருடன் ஒப்புக்கொண்டார். சிலர் அவரை விலக்கிவைக்க விரும்பினர். இறுதியில் கண்டிப்பதோடு நிறுத்தினர்.

காட்டனின் விலைக்கோட்பாடு

இதனையடுத்து ஜான் காட்டன் தம் பிரசங்கத்தில் வணிக நெறிகளை வகுத்துரைத்தார். இயன்றவரை மலிவாக வாங்கி இயன்றவரை மிகுவிலைக்கு விற்கலாம் என்பது பொய்நெறி. கடலில் சரக்கு அழிந்தால் அது அவ்வணிகருக்கு இறைவன் தந்த இழப்பு. அதனைப் பிறர்மேல் ஏற்றலாகாது. ஆனால் பண்டமே அரிதாகிவிடின் விலையை உயர்த்தலாம். ஏனெனில் அங்கு இறைவனின் கை மனிதர்மேலன்றிப் பண்டத்தின்மேல் விழுகிறது. சந்தையின் ஏற்ற இறக்கத்தை இக்கோட்பாடு மறுக்கவில்லை. தனிமனிதர் தம் துன்பத்தைப் பிறர் தேவையின்மேல் சுமத்துவதையே மறுக்கிறது.

இறுதி விருப்பாவணம்

1640இல் இங்கிலாந்து அரசியல் மாற்றத்தால் குடியேற்றம் நின்றது. புதிதாக வருவோரை நம்பியிருந்த கால்நடை விலை வீழ்ந்தது. மீன், மரம் ஆகியவற்றை அயல்நாடுகளுக்கு அனுப்பும் கடல்வணிகமே குடியேற்றத்தைத் தாங்கத் தொடங்கியது. கண்டிக்கப்பட்ட வணிகரின் தொழிலே சமுதாயத்தின் வாழ்வாதாரமாயிற்று.

கீனின் உள்ளமோ ஆறவில்லை. 1653இல் அவர் தம் கையால் எழுதத் தொடங்கிய விருப்பாவணம் பதிவேட்டில் 158 பக்கங்களை நிரப்பியது. சொத்துப் பங்கீட்டினூடே பழைய வழக்குக்கும் அவர் மறுமொழி கூறுகிறார். தாம் இரண்டு ஷில்லிங்குக்கு விற்ற நல்ல கடிவாளத்தைவிடத் தாழ்ந்தவை இப்போது மூன்று ஷில்லிங்குக்குக் குறையின்றி விற்கப்படுகின்றன என்கிறார். ஆயினும் அவர் காட்டனின் நெறியைத் தவறு என்று வாதிடவில்லை. அந்நெறிப்படியே தாம் குற்றமற்றவர் என்றே வாதிடுகிறார். நகருக்குச் சந்தைக்கட்டடம் அமைக்க முந்நூறு பவுன் விட்டுச்சென்று 1656இல் மறைந்தார். அதனைக் கொண்டு எழுந்த நகர்மன்றத்தின் கீழ்த்தளத்தில் சந்தையும் மேல்தளத்தில் நீதிமன்றமும் இயங்கின. அது 1711இல் தீக்கிரையாயிற்று.

முடிவுரை

கீனைத் தண்டித்தோரும் தண்டனை பெற்ற கீனும் ஒரே அறத்தை ஏற்றவர்கள். உழைத்துப் பொருளீட்டுக என்பதும், ஈட்டியது பேராசையாயின் பாவம் என்பதும் அவர்களுக்கு ஒருசேர விதிக்கப்பட்டிருந்தன. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட எல்லையை எந்தச் சட்டமும் வரையாத நிலையில், கணக்கேடும் மனச்சான்றும் ஒன்றையொன்று வினவின. தூய்மைவாதம் வணிகரை உருவாக்கியது என்பது உண்மையாயின், அவ்வணிகரை உறங்கவிடாததும் அதுவே எனலாம்.