அடை வைத்தலும் அடை கிடத்தலும்

பினாங்கில் பிட் தெரு என முன்பு வழங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில், 1801-இல் நிறுவப்பெற்ற பள்ளிவாசலும் சீனரின் கருணைத் தேவி கோயிலும் கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன. அங்குக் கூடிய தமிழர், மலாய்க்காரர், சீனர் ஆகிய மூவினத்தார்க்கும் பொதுவான வீட்டுயிர் கோழி. குஞ்சு பொரிக்கும் முறையோ நாட்டுக்கு நாடு வேறுபட்டது.

எகிப்தியர் தாய்க்கோழியின்றியே பொரித்தனர். சூளைகளில் முட்டைகளை ஆயிரக்கணக்கில் அடுக்கி, சாண எருவால் சூடேற்றினர். வெப்பமானி இல்லாக் காலத்தில் முட்டையைக் கண்ணிமைமேல் வைத்தே சூட்டை அறிந்தனர். பிரெஞ்சு அறிஞர் ரியோமுர் 1749-இல் இக்கலை பற்றித் தனிநூலே எழுதினார்.

தமிழர் இல்லங்களில் கோழியே சூளை. வைக்கோல் பரப்பிய கூடையில் முட்டைகளை இட்டுக் கோழியை அமர்த்துவது வீட்டார் செயல். அஃது அடை வைத்தல். 21 நாள் அமர்ந்திருப்பது கோழியின் செயல். அஃது அடை கிடத்தல். இரண்டையும் ஒன்றெனக் கொண்டு எழுதுவோர் உளர். கோழி முட்டைகளை அலகால் அடிக்கடி புரட்டும். புரட்டாவிடில் கரு ஓட்டோடு ஒட்டி அழியும். வாத்து முட்டையை வைத்தால் 28 நாளும் பொறுத்திருக்கும்!

பொரியாது கெட்டது கூழ்முட்டை, பேச்சில் கூமுட்டை. ஆசிரியர் சிலர் மாணவரை ஏசவும் இச்சொல்லை எடுத்தாள்வர். சேவல் சேராமை, சூடு குன்றுதல், புரட்டாமை எனக் காரணம் பலவாகலாம். முட்டையின் குற்றம் அவற்றுள் ஒன்றுமில்லை.

பொரிந்த குஞ்சுக்கு உடனே இரை ஊட்ட விரைய வேண்டுவதில்லை. எஞ்சிய மஞ்சட்கரு பொரியுமுன்னரே அதன் வயிற்றுள் சென்றுவிடுவதால் இரண்டு நாள் தாங்கும். முதலில் வேண்டுவது தாயின் சூடும் தண்ணீரும், நொய்யரிசி பின்னர்.