வேலூர்க் கோட்டைக்குள் ஒரு கண்டி

வேலூர்க் கோட்டைக்குள்ளே ‘கண்டி மஹால்’ என்று ஒரு கட்டடம் இருக்கிறது. மலையகத்துல பிறந்த யாரா இருந்தாலும் அந்தப் பேரைக் கேட்டா ஒரு நிமிஷம் நிப்பாங்க. கந்தப்பளையிலிருந்து போன நாங்களும் நின்றோம். நம்ம பக்கத்து ஆட்கள் வைத்தியத்துக்கு வேலூர் போறது புதுசில்ல. ஆனா ஆஸ்பத்திரியோட திரும்பி வந்துடுறோம். கோட்டையையும் ஒருதரம் பார்த்துட்டு வரணும்.

16ஆம் நூற்றாண்டில், விஜயநகரக் காலத்தில் எழுந்த கருங்கல் கோட்டை அது. 133 ஏக்கர். சுற்றிலும் தண்ணீர் நிறைந்த அகழி. உள்ளே கோயில், பள்ளிவாசல், தேவாலயம் மூன்றும் உண்டு. இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. சாயங்காலமானா குடும்பம் குடும்பமா மக்கள் வந்து புல்தரையில் உட்காருகிறார்கள். பார்க்கிறதுக்கு அது ஒரு பூங்காதான்.

ஆனால் ஆங்கிலேயருக்கு அது சிறை. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்ததும் அவர் குடும்பத்தை இங்கேதான் கொண்டுவந்து வைத்தார்கள். 1806 ஜூலை 10ஆம் தேதி சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும் இதே கோட்டையில்தான். அதன் பிறகு திப்பு குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். பத்து வருஷம் கழித்து, 1816இல், அடுத்த ராஜ கைதி வந்தார். அவர்தான் கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். 1832 ஜனவரி 30ஆம் தேதி வேலூரிலேயே இறந்தார். பாலாற்றங்கரையில் இருக்கும் அவருடைய சமாதிக்குத் தமிழ்நாடு அரசு 1990இல் முத்து மண்டபம் கட்டியது.

அவர் நம்ம பாட்டனில்லை. மதுரை நாயக்கர் வழி வந்தவர். எஹலேபொல குடும்பத்துக்கு அவர் செய்த கொடுமையை யாரும் மறைக்க முடியாது. அவரை நம்ம வீரனாக்குற எண்ணம் எங்களுக்கு இல்லை. நாங்கள் கவனிக்கச் சொல்வது அவரைப் பதவியிறக்கிய காகிதத்தை.

அது 1815 மார்ச் 2இல் எழுதப்பட்ட கண்டி ஒப்பந்தம். ‘மலபார்’ வம்சத்துக்குக் கண்டி மேல் இனி எந்த உரிமையும் இல்லை என்றது. வெளியேற்றப்பட்ட மலபார் ஆண்கள் திரும்பி வரக்கூடாது, வந்தால் தண்டனை என்றும் சொன்னது. தென்னிந்தியத் தமிழரை அன்று ஆங்கிலேயர் அழைத்த பேர்தான் மலபார். நுவரெலியாவும் நம்ம கந்தப்பளையும் அன்று கண்டி இராச்சியத்துக்குள் இருந்த காடு.

அந்த மை காய்ந்து பத்துப் பன்னிரண்டு வருஷம்கூட ஆகல. 1820களில் கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டம் போட்ட அதே ஆங்கிலேயர், அதே தென்னிந்தியாவிலிருந்து ஆள் கூட்டி வந்தார்கள். ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி ஊர்க்காரர்கள் கடல் தாண்டி, காட்டு வழியே நடந்து இந்த மலைக்கு ஏறினார்கள். வழியில் செத்தவர்கள் ஏராளம். அவர்கள் வாயில் இந்த நாட்டுக்கே ‘கண்டிச்சீமை’ என்றுதான் பேர். அரசுரிமை கேட்கும் தமிழன் வேண்டாம், கோப்பி பறிக்கும் தமிழன் வேண்டும். ஆங்கிலேயர் கணக்கு அவ்வளவுதான்.

சுதந்திரம் வந்த பிறகும் கணக்கு மாறல. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம்ம ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்குப் பங்கு போட்டது. அரசரை அனுப்பின திசையிலேயே தொழிலாளியையும் அனுப்பினார்கள். இரண்டு ஒப்பந்தத்திலும் போகிறவனைக் கேட்டு யாரும் கையெழுத்துப் போடல.

ஒரு வித்தியாசம் மட்டும் இருக்கு. கைதியானாலும் அரசருக்கு மஹால் நிற்கிறது, மண்டபம் நிற்கிறது. தொழிலாளி இருந்த லயத்தை இடிச்சா, அங்கே யார் வாழ்ந்தாங்கன்னு சொல்ல ஒரு பலகைகூட மிஞ்சாது. இடிஞ்சு விழுற லயத்துக்குப் பதிலா நல்ல வீடு வரணும், அதில் சந்தேகமே இல்லை. ஆனா தோட்டத்துக்கு ஒரு காம்பிராவாவது அடையாளத்துக்கு நிற்கட்டும்.

இது நடக்காத காரியமில்லை. கம்பளைப் பக்கம் ஒரு பழைய லயத்தையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கி 2007 முதல் நடத்துகிறார்கள். கண்டிக்கு பஸ் ஏறும் அடுத்த தரம் கம்பளையில் இறங்குங்க. வீட்டில் இருக்கும் பழைய துண்டையும், பற்றுச்சீட்டையும், பாட்டியின் கூடையையும் தூக்கி வீசுறதுக்கு முன்னாடி ஒருதரம் யோசிங்க.